சட்டப்படி சரியா? – கேட்கப்படாத ஒரு கேள்வியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 மார்ச் 20 அன்று, நம் நேரப்படி காலை எட்டு மணிவாக்கில், பாக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கின. அப்போது நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியர். அன்றும் அடுத்த சில வாரங்களும் ஏஜென்சிகளிலிருந்து வந்து குவிந்த செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தோம். எத்தனை டாங்கிகள், எந்த ஏவுகணை, எந்தப் பாலம், பாக்தாத் எத்தனை கிலோமீட்டர் தூரம் எல்லாம் வந்தன. ஒரே ஒரு விஷயம் மட்டும் வரவில்லை: இந்தப் போர் சட்டப்படி சரியா என்ற கேள்வி. வரவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. இந்தப் பக்கம் அதைப் பற்றியது. பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவைச் சுற்றியே இருக்கும், கடந்த எழுபது ஆண்டுகளில் அதிக வெளிநாட்டுப் போர்களை நடத்தியதும் உலகெங்கும் வாசிக்கப்படும் பத்திரிகைகளை வைத்திருப்பதும் அந்த நாடுதான் என்பதால்.

போருக்குக்கூடச் சட்டம் உண்டா?

உண்டு, சிக்கலானதும் அல்ல. 1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, எந்த நாடும் இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது என்கிறது. விதிவிலக்கு இரண்டு. ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாடு தன்னைத் தற்காத்துக்கொள்ளலாம் (51-ஆவது பிரிவு). அல்லது பாதுகாப்பு கவுன்சில் அனுமதிக்க வேண்டும். "அந்த ஆட்சியாளர் கொடியவர்", "ஜனநாயகம் மலர வேண்டும்", "எதிர்காலத்தில் ஆபத்து வரலாம்" எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சாசனத்தை எழுதும் வேலையில் அமெரிக்கா முன்வரிசையில் இருந்தது, கையெழுத்தானதும் சான் பிரான்சிஸ்கோவில்தான்.

அப்படியானால் 2003 ஈராக் போர் சட்டவிரோதமா?

சர்வதேசச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈராக் ஆக்கிரமித்த குவைத்தை மீட்க 1990-இல் பாதுகாப்பு கவுன்சில் 678-ஆவது தீர்மானத்தில் அனுமதி தந்தது. 1991-இல் 687-ஆவது தீர்மானம் ஈராக்கின் ஆயுதக் களைவை நிபந்தனையாக்கிப் போரை நிறுத்தியது. 2002 நவம்பரில் 1441-ஆவது தீர்மானம், ஈராக் அந்த நிபந்தனையை மீறிவிட்டதாகக் கூறி "கடைசி வாய்ப்பு" கொடுத்தது. வாய்ப்பைத் தவறவிட்டதால் பழைய அனுமதி உயிர்பெற்றுவிட்டது என்பது வாதம்.

12 ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்கு வாங்கிய பெர்மிட்டைத் தூசு தட்டி எடுப்பது போன்ற வாதம் இது. 1441 நிறைவேறிய நாளில் அமெரிக்கத் தூதர் ஜான் நெக்ரோபோன்டே, அதில் ஒளித்துவைத்த விசை எதுவும் இல்லை, தானாகப் போர் தொடங்க வழியில்லை என்று கவுன்சிலிலேயே சொன்னார். அந்த உறுதிமொழியால்தான் 15-க்கு 15 வாக்கு கிடைத்தது. பிறகு போருக்கென்றே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஆதரவு சேரவில்லை, கைவிட்டார்கள். தேவையில்லாத அனுமதிக்காகவா அத்தனை அலைச்சல்?

2004 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான், சாசனத்தின் பார்வையில் அந்தப் போர் சட்டவிரோதம் என்று பி.பி.சி. பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். 2010-இல் நெதர்லாந்து அரசே அமைத்த விசாரணைக் குழு, போருக்குச் சர்வதேசச் சட்டப்படி போதுமான அதிகாரம் இல்லை என்றது. 2016-இல் வெளிவந்த பிரிட்டனின் சில்காட் அறிக்கை 26 லட்சம் சொற்கள் கொண்டது. போர் சட்டப்படி சரியா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. சட்ட அடிப்படை உண்டு என்று முடிவெடுத்த விதம் திருப்திகரத்துக்கு வெகு தூரம் என்றதோடு நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம் அமெரிக்க ஊடகங்கள் எழுதவே இல்லையா?

எழுதவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கட்டுரைப் பக்கத்தின் மூலையில் ஒரு சட்டப் பேராசிரியருக்கு எப்போதாவது இடம் கிடைத்தது. ஆனால் போர் பற்றிய அன்றாடப் பேச்சுக்குள் அந்தக் கேள்வி நுழையவில்லை. ஹோவர்ட் ஃப்ரீலும் ரிச்சர்ட் ஃபால்க்கும் நியூயார்க் டைம்ஸ் தலையங்கங்களை ஆராய்ந்து 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 2001 செப்டம்பர் 11 முதல் போர் தொடங்கியது வரை ஈராக் பற்றி எழுதப்பட்ட 70 தலையங்கங்களில் "ஐ.நா. சாசனம்", "சர்வதேசச் சட்டம்" என்ற சொற்கள் ஒருமுறைகூட இல்லை என்பது அவர்கள் கண்டது.

அந்தப் பத்திரிகை போரை ஆதரித்துக் குதித்த பத்திரிகை அல்ல. பரந்த ஆதரவு இல்லாமல் போருக்குப் போகாதீர்கள் என்று மார்ச் மாதத்தில் தலையங்கமே எழுதியது. எதிர்ப்பு, ஆனால் சட்டம் என்ற சொல்லைத் தொடாத எதிர்ப்பு. கூட்டாளிகள் போதவில்லை, செலவு அதிகம், நேரம் சரியில்லை என்று எதிர்க்கலாம். "நமக்கு அதைச் செய்ய உரிமை இல்லை" என்று எதிர்க்க முடியாது. மரியாதைக்குரிய விவாதத்தின் எல்லை அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

தொலைக்காட்சி இன்னும் மோசம். ஊடகக் கண்காணிப்பு அமைப்பான ஃபேர், 2003 ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி நடு வரை இரண்டு வாரம் நான்கு சேனல்களின் மாலைச் செய்திகளைக் கணக்கெடுத்தது. ஈராக் பற்றித் திரையில் தோன்றிப் பேசியவர்கள் 393 பேர். நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்நாள், முன்னாள் அதிகாரிகள். போர் எதிர்ப்பு இயக்கங்களின் சார்பில் பேசியவர்கள் 3 பேர். கணக்கெடுப்பு முடிந்த சில நாள்களில், பிப்ரவரி 15 அன்று, லண்டனிலும் ரோமிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

பேரழிவு ஆயுதங்கள் கிடைக்காத பிறகு பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டனவே?

மன்னிப்பு என்பது கொஞ்சம் பெரிய சொல். 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குறிப்பு ஒன்றை உள்ளே 10-ஆம் பக்கத்தில் போட்டது. ஆயுதங்கள் பற்றிச் சில செய்திகளைச் சரிபார்க்காமல் வெளியிட்டோம், இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும் என்றது. ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்டும் தன் குறையைத் தானே எழுதியது. போருக்கு முந்தைய ஏழு மாதங்களில் அரசின் ஈராக் எதிர்ப்புப் பேச்சை மையமாக வைத்த செய்திகள் 140-க்கும் மேல் முதல் பக்கத்தில் வந்தன, சந்தேகம் எழுப்பிய செய்திகள் உள்ளே புதைந்தன என்று ஒப்புக்கொண்டது.

நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு குறிப்புகளும் எதற்கு வருந்துகின்றன என்று பாருங்கள். தகவல் தவறிப்போனதற்கு. ஒருவேளை சதாம் உசேனின் கிடங்கில் ரசாயன ஆயுதங்கள் கிடைத்திருந்தால்? குறிப்புகளே வந்திருக்காது. ஆனால் சட்டத்தின் கேள்வி அப்போதும் அப்படியே இருந்திருக்கும். கிடங்கில் ஆயுதம் வைத்திருப்பது ஆயுதத் தாக்குதல் ஆகாது, கவுன்சில் அனுமதியும் வந்துவிடாது. பக்கத்து வீட்டுக்குள் அனுமதியின்றிப் புகுந்தவனிடம் "தேடிய பொருள் கிடைத்ததா?" என்று கேட்டு, கிடைக்கவில்லை என்றதும் அவனைக் கண்டிப்பது மாதிரி. உள்ளே போனாயே, யாரைக் கேட்டுப் போனாய் என்ற கேள்வி தொலைந்தே போகிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது இந்த ஒரு விஷயம்தான். தப்பான பதிலை அச்சிட்டதற்குப் பத்திரிகைகள் வருந்தின. கேட்காமல் விட்ட கேள்விக்கு யாரும் வருந்தவில்லை.

அரசு தணிக்கை செய்ததா?

இல்லை. இதை நம்புவது நம் வாசகர்களுக்குக் கடினம் என்று அறிவேன். நெருக்கடி நிலைக் காலத்தில் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்ட பத்திரிகைகளைப் பார்த்த நாடு இது. அங்கே வெற்றிடம் எதுவும் இல்லை, பக்கங்கள் நிரம்பி வழிந்தன.

நிருபரின் பிழைப்பு அதிகாரிகளின் தகவலில் இருக்கிறது. அதிகாரி "எப்போது தாக்குவோம்" என்பது பற்றிப் பேசுவார், "தாக்கலாமா" என்பது பற்றிப் பேச மாட்டார். இரு கட்சிகளும் சண்டையிடும் விஷயம்தான் விவாதத்துக்குரிய விஷயம் என்பது அங்கே எழுதப்படாத விதி. 2002 அக்டோபரில் ஈராக் மீது படைபலம் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டம் செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியின் தலைவர்கள் பலர் அதற்கு வாக்களித்திருந்தார்கள். எதிர்க்கட்சி எழுப்பாத கேள்வியை நிருபர் எழுப்பினால் அவர் "செயற்பாட்டாளர்" ஆகிவிடுவார்.

சேனல் முதலாளிகளின் பயமும் உண்டு. எம்.எஸ்.என்.பி.சி.யில் ஃபில் டோனஹ்யூ நடத்திய நிகழ்ச்சிதான் அந்தச் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது. போருக்கு மூன்று வாரம் முன்பு அதை நிறுத்தினார்கள். போர்க்காலத்தில் அவர் சங்கடமான முகமாக இருப்பார் என்று நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று சொன்னது பிறகு வெளியானது. இடத்தை நிரப்ப ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். சுதந்திர ஆய்வாளர்கள் என்று அறிமுகப்படுத்தப்பட்ட அவர்களில் பலருக்குப் பேச வேண்டிய வரிகளைப் பென்டகனே தயாரித்துக் கொடுத்ததையும், சிலர் ஆயுத நிறுவனங்களோடு தொடர்பில் இருந்ததையும் 2008-இல் அம்பலப்படுத்தியது அதே நியூயார்க் டைம்ஸ். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

படையணிகளோடு கூடவே பயணித்த நிருபர்கள் அறுநூறுக்கும் மேல். ஒரே டாங்கியில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, அதே வீரர்கள் உயிரைக் காக்கும்போது, "இந்த டாங்கி இங்கே இருக்கலாமா" என்று யாருக்குத் தோன்றும்?

பிரிட்டனில் மட்டும் இந்தக் கேள்வி ஏன் பெரிதாக வெடித்தது?

அங்கே அது ராணுவத் தளபதியின் மேசைக்கே போனது. முப்படைத் தளபதி அட்மிரல் மைக்கேல் பாய்ஸ், போர் சட்டப்படி சரி என்று ஐயமற்ற உறுதி தாருங்கள் என்று கேட்டார். பிரிட்டன் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடு. தன் வீரர்கள் நாளை நீதிமன்றத்தில் நிற்க நேருமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. அமெரிக்காவோ 2002-இல் அந்த நீதிமன்றத்துக்குத் தான் கட்டுப்படப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, தன் வீரர்களை அது பிடித்துவைத்தால் மீட்கத் தேவையான எதையும் செய்ய அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. தண்டனை வரக்கூடிய இடத்தில்தான் சட்டம் செய்தியாகிறது.

பாய்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அரசின் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித். மார்ச் 7 அன்று 13 பக்கத்தில் ஆலோசனை எழுதினார். புதிய தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி, இல்லாமலும் ஒருவாறு வாதிடலாம் என்று இரண்டு பக்கமும் கால் வைத்தது அது. பத்து நாளில், மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்துக்குப் போனது 337 சொல் கொண்ட பதில். அதில் ஐயம் எதுவும் இல்லை. மறுநாள் 412-க்கு 149 என்று போருக்கு வாக்கு. 13 பக்கத்தை மக்கள் வாசித்தது 2005 ஏப்ரலில், கசிந்த பிறகு.

வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பதவி விலகினார். இந்த அளவில் சட்டவிரோதமாகப் படைபலம் பயன்படுத்துவது ஆக்கிரமிப்புக் குற்றம் என்று விலகல் கடிதத்தில் எழுதினார். 2005-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசு அந்தக் கடிதத்தை வெளியிட்டபோது ஒரு பத்தியை மட்டும் நீக்கியிருந்தது. சேனல் 4 தொலைக்காட்சி அதைத் தேடிக் கண்டுபிடித்தது. தலைமை வழக்கறிஞரும் மார்ச் 7 வரை வில்ம்ஸ்ஹர்ஸ்டின் கருத்தையே கொண்டிருந்தார் என்று சொல்லும் பத்தி அது. நீக்கியதற்குக் காரணம் புரிந்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தால் போதாதா?

இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. இரண்டு வெவ்வேறு பூட்டுகள். ஒன்று சர்வதேசச் சட்டம், சாவி பாதுகாப்பு கவுன்சிலில். மற்றொன்று அமெரிக்க அரசியலமைப்பு. போரை அறிவிக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மட்டுமே என்கிறது அது. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியாவும் வியட்நாமும் அதற்குப் பின் வந்தவை. 1950-இல் கொரியாவில் நடப்பதைப் "போலீஸ் நடவடிக்கை" எனலாமா என்று செய்தியாளர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், ஆம் என்றார் ட்ரூமன். அந்தப் புகழ்பெற்ற இடக்கரடக்கலை எடுத்துக் கொடுத்ததே ஒரு நிருபர்தான்.

ஈராக்கில் காங்கிரஸின் பூட்டு திறந்திருந்தது, ஐ.நா.வின் பூட்டு மூடியிருந்தது. 2011-இல் லிபியாவில் நேர்மாறு. ஐ.நா. தீர்மானம் இருந்தது, காங்கிரஸ் அனுமதி இல்லை. அனுமதியில்லாப் போரை 60 நாளுக்குள் நிறுத்தத் தொடங்க வேண்டும் என்கிறது 1973-ஆம் ஆண்டுச் சட்டம். கெடு தாண்டியதும், வானிலிருந்து குண்டு போடுவது அந்தச் சட்டம் சொல்லும் "பகைமைச் செயல்" ஆகாது என்று ஒபாமா அரசு வாதிட்டது. குண்டு வாங்கியவர்களிடம் கேட்டிருக்கலாம்.

2001 செப்டம்பரில் நிறைவேறிய சட்டத்தின் அதிகாரம் தரும் வாக்கியம் 60 சொல். இரட்டைக் கோபுரத் தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் மீது மட்டும் படைபலம் என்றது. அதை வைத்தே பிறகு ஏமனிலும் சோமாலியாவிலும் சிரியாவிலும் தாக்கினார்கள். பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

ஈராக்குக்கு முன்னும் பின்னும் இதே கதைதானா?

பெரும்பாலும். 1983-இல் கிரெனடா மீது படையெடுத்ததை ஐ.நா. பொதுச்சபை 108-க்கு 9 என்று கண்டித்தது. அது என் காலை உணவைக் கெடுக்கவில்லை என்றார் ரீகன். 2017 ஏப்ரலில் சிரிய விமானதளத்தின் மீது 59 டோமாஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன. காங்கிரஸ் அனுமதியும் இல்லை, ஐ.நா. அனுமதியும் இல்லை. எம்.எஸ்.என்.பி.சி.யில் பிரையன் வில்லியம்ஸ் அந்தக் காட்சியை "அழகு" என்று வர்ணித்தார். 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபகான் அணுசக்தி நிலையங்கள் தாக்கப்பட்டன. காங்கிரஸில் சிலர் சட்டக் கேள்வியை எழுப்பினார்கள், அது செய்தியாகவும் வந்தது. ஆனால் இரண்டே நாளில் விவாதம் வேறிடம் போய்விட்டது: நிலையங்கள் "முற்றாக" அழிந்தனவா, அரைகுறையாகவா?

ரஷ்யாவைப் பற்றி ஏன் பேசவில்லை?

பேசலாமே. 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா தொடுத்தது அப்பட்டமான சட்டமீறல். அதைப் "போர்" என்று எழுதவே அங்கே தடை வந்தது, "சிறப்பு ராணுவ நடவடிக்கை" என்றுதான் எழுத வேண்டும். ராணுவம் பற்றிப் "பொய்ச் செய்தி" பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று மார்ச் 4 அன்று சட்டம் வந்தது. ரஷ்ய நிருபரின் மௌனத்துக்குப் பின்னால் சிறைக்கதவு இருக்கிறது. அமெரிக்க நிருபரின் மௌனத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை, எனவே அதுதான் எனக்குக் கூடுதல் விசித்திரம்.

இன்னொன்றும் தெரியவந்தது. உக்ரைன் செய்திகளில் அமெரிக்க நாளிதழ்கள் ஐ.நா. சாசனத்தையும் இறையாண்மையையும் தாராளமாக மேற்கோள் காட்டின. சரியாகவே காட்டின. ஆக, சட்டம் தெரியாமல் இல்லை. மருமகள் உடைத்தால்தான் அது பொன்குடம்.

சட்டத்தை வல்லரசு மதிக்கப்போவதில்லை. கேட்டு என்ன பயன்?

2003 மார்ச் 1 அன்று, தன் மண்ணிலிருந்து அமெரிக்கப் படைகள் ஈராக்குக்குள் நுழைய அனுமதிக்கலாமா என்று துருக்கி நாடாளுமன்றம் வாக்கெடுத்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்தவர்களில் பாதிக்கு மேல் தேவை என்பதால் தோற்றது. சர்வதேசச் சட்டப்படி நியாயமான சூழலில் மட்டுமே அனுமதி தரலாம் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் 92-ஆவது பிரிவு, விவாதத்தில் அதுவும் எழுந்தது. அமெரிக்கா வடக்கு முனைத் திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. போர் நிற்கவில்லைதான்.

நம் பத்திரிகைகள்?

நாங்கள் மௌனத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தோம். படையெடுத்தவர்களைக் "கூட்டுப் படைகள்" என்று எழுதினோம், ஏஜென்சி அப்படித்தான் எழுதியது. டெல்லியிலும் சொல் விளையாட்டு நடந்தது. 2003 ஏப்ரலில் ஈராக் போர் பற்றி மக்களவை தீர்மானம் நிறைவேற்றியபோது இந்தியில் "நிந்தா" என்றார்கள். எதிர்க்கட்சிகள் அதைக் கண்டனம் என்று எடுத்துக்கொள்ளலாம், வெளியுறவுத் துறை வருத்தம் என்று மொழிபெயர்க்கலாம். எல்லோருக்கும் வசதி.

இன்னும் கூச்சமான ஒன்று. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப் படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. "பூமாலை" என்று பெயர். கீழே முற்றுகையில் பசித்திருந்த மக்கள் வானத்தைப் பார்த்து ஆர்ப்பரித்தார்கள். நானும் இங்கிருந்து மகிழ்ந்தேன், இன்றும் அந்த மகிழ்ச்சியைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் இன்னொரு நாட்டின் வான்வெளிக்குள் அனுமதியின்றி நுழைந்தது சட்டப்படி சரியா என்று கேட்டவர்களை அன்று நாங்கள் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். அமெரிக்க உதவி ஆசிரியரின் மனநிலை எனக்குப் புரியத் தொடங்கியது அதை நினைத்துப் பார்த்தபோதுதான்.

பொறுப்பானவர்கள் யாராவது ஒப்புக்கொண்டார்களா?

ஒருமுறை, வாய் தவறி. 2022 மே மாதம் டல்லாஸில், ஈராக் போரைத் தொடங்கிய முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ் உக்ரைனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சமும் நியாயமற்ற, கொடூரமான படையெடுப்பைத் தனியொரு மனிதர் முடிவு செய்ததாகச் சொல்ல வந்தவர், "ஈராக் மீது" என்றுவிட்டார். உடனே "உக்ரைன் மீது" என்று திருத்தினார். பிறகு மெதுவாக, "ஈராக்கும்தான்" என்பது போல எதையோ முணுமுணுத்து, தன் வயதைச் சொன்னார்: எழுபத்தைந்து. அரங்கம் சிரித்தது.